மத்தவங்களோட இன்டர்வியூ அனுபவத்த வச்சு நீங்க தயாராகுறது எப்படி: ஜோஹோ ஃபிரெஷர் டெவலப்பர் ரவுண்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு கம்பெனில இருந்து கூப்பிட்டுட்டாங்கன்னா முதல்ல எல்லாரும் செய்யறது ஒண்ணுதான், ஏற்கனவே அங்க போயிட்டு வந்தவங்க என்ன எழுதிருக்காங்கன்னு தேடிப் படிக்கறது. படிக்கறதுல தப்பே இல்ல. படிக்கற விதத்துலதான் பசங்க சறுக்குறாங்க. அம்பது அனுபவம் படிச்சு அதுல இருக்கற கேள்விக்கெல்லாம் பதில் மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போறாங்க, கேள்வில ஒரே ஒரு வரி மாறி வந்ததும் கை நின்னுடுது.

கூடுவாஞ்சேரில எங்க வீட்டு மாடில சனி ஞாயிறு நம்ம ஊர்ப் பக்கத்துப் பசங்க வந்து இன்டர்வியூவுக்குப் பிராக்டிஸ் பண்ணுவாங்க, அதுல பாதிப்பேரு குறி வைக்கறது ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி. அதனால இந்த வழிகாட்டிய அந்த ஃபிரெஷர் டெவலப்பர் இன்டர்வியூவ வச்சே எழுதுறேன். அங்க போயிட்டு வந்தவங்க எழுதுறதுல பெரும்பாலும் அஞ்சு கட்டம் வரும்: எழுத்துத் தேர்வு, சின்ன புரோகிராம்கள், ஒரு முழு அப்ளிகேஷன், டெக்னிக்கல் ஹெச்.ஆர், கடைசியா ஜெனரல் ஹெச்.ஆர். ஒவ்வொரு டிரைவுக்கும், அதாவது ஆளெடுக்கறதுக்கு நடத்தற ஒவ்வொரு தேர்வுக்கும், கொஞ்சம் கூடும் குறையும், ஆனா வரிச இதுதான். சொந்தமா சாஃப்ட்வேர் செஞ்சு விக்கற வேற புராடக்ட் கம்பெனிக்குப் போறவங்களும் இதே முறைல தயாராகலாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, பேனா. லேப்டாப்புல ஒரு சாதாரண எடிட்டர், தானா வார்த்தைய முடிச்சுக் குடுக்கற வசதியையும் ஏஐ உதவியையும் ஆஃப் பண்ணி வச்சது. உங்களுக்கு நல்லா வர்ற ஒரே ஒரு லாங்வேஜ். ஆறு வாரம் நேரம், தினமும் ரெண்டு மணி நேரமாவது.

லாங்வேஜ் விஷயத்துல கடைசி நேரத்துல மாறாதீங்க. "ஜாவால எழுதுனவங்க நெறைய பேர் செலக்ட் ஆயிருக்காங்கண்ணா, நானும் ஜாவாவுக்கு மாறிடவா"ன்னு இன்டர்வியூவுக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு தம்பி கேட்டான். வேணாம்னு சொல்லியும் மாறுனான், உள்ள போயி ஜாவால இன்புட் வாங்கற ஸ்கேனர்ல நம்பர் வாங்கிட்டு அடுத்து ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வரி, வாங்குறப்ப காலி வரி வந்து நிக்குது, அது ஏன்னு தெரியாமயே அரை மணி நேரம் போயிடுச்சு. சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா இதுல எது உங்க கைக்குப் பழக்கமோ அதுலயே நில்லுங்க.

இன்னொண்ணு. அழைப்பு வந்த மெயில் உண்மையான கம்பெனி டொமைன்ல இருந்து வந்திருக்கான்னு முதல்ல பாருங்க, அவங்க கேரியர்ஸ் பக்கத்துல அந்த வேலை இருக்கான்னும் பாருங்க. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப் அட்வான்ஸ்னு எந்தப் பேருல காசு கேட்டாலும் அது மோசடின்னே வச்சுக்கோங்க. கட்டிட்டீங்கன்னா உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க, அது சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன், எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு தூரம் காச நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

1. படிக்கறதுக்கு முன்னாடி பிரிச்சு வைங்க

கண்ணுல பட்ட அனுபவத்தையெல்லாம் ஒண்ணா படிக்காதீங்க. முதல்ல ஒரு பதினஞ்சு இருபது எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் நாலு விஷயம் மட்டும் பாருங்க: எந்த வருஷம், எந்த வேலைக்கு, காலேஜுக்கு வந்த டிரைவா வெளில நடந்ததா, ஃபிரெஷரா அனுபவம் உள்ளவரா.

இது ஏன்னா ஒரே கம்பெனில டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் டெக்னிக்கல் சப்போர்ட்டுக்கும் ரவுண்டுங்க வேற வேற. சப்போர்ட் வேலைக்குப் போனவர் எழுதுனதப் படிச்சிட்டு "கோடிங் ரொம்ப ஈஸிதானாம்"னு நம்பிப் போனவங்கள பாத்திருக்கேன். அதே மாதிரி மூணு வருஷ அனுபவத்தோட போனவருக்குக் கேட்ட சிஸ்டம் டிசைன் கேள்வியப் படிச்சிட்டு காலேஜ் முடிக்காத பொண்ணு தூக்கம் கெட்டு ஒக்காந்திருக்கு.

வருஷம் போடாத அனுபவத்த ஓரமா வைங்க, கடைசில நேரம் இருந்தா பாத்துக்கலாம். ரொம்பப் பழசா இருந்தா கேள்விய விட்டுடுங்க, ரவுண்டோட தன்மைய மட்டும் எடுத்துக்கோங்க.

2. செலக்ட் ஆகாதவங்க எழுதுனத முதல்ல படிங்க

இத நெறைய பேரு செய்யறதே இல்ல. செலக்ட் ஆனவங்க எழுதுறப்ப சந்தோஷத்துல எழுதுறாங்க, "ரவுண்டு டூ ஓரளவு ஈஸி, அஞ்சுல நாலு போட்டேன்"னு ஒரு வரில முடிஞ்சிடும். அந்த நாலு எப்படிப் போட்டாங்க, சோதிக்கக் குடுத்த எந்த டெஸ்ட் கேஸ்ல இடறுனாங்க, ஒண்ணுமே இருக்காது.

வெளிய வந்தவங்க எழுதுறதுல எங்க நின்னாங்கன்னு தெளிவா இருக்கும். "அப்ளிகேஷன் ரவுண்டுல புக்கிங் வரைக்கும் ஓடுச்சு, கேன்சல் பண்ணா லிஸ்ட் குழம்பிடுச்சு, அதுக்குள்ள டைம் முடிஞ்சது." இந்த ஒரு வரி உங்களுக்கு ஒரு வாரத்துப் பயிற்சிக்கு வழி சொல்லுது. நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி "எங்க நின்னாங்க"ன்னு தலைப்பு போட்டு இதையெல்லாம் அவங்க வார்த்தைலயே எழுதுங்க.

ஆனா ஒருத்தர் கோவத்துல எழுதுனத கோவத்தோடயே எடுத்துக்காதீங்க. "நல்லா பண்ணேன், காரணமே சொல்லாம அனுப்பிட்டாங்க"ன்னு இருந்தா, அவர் என்ன பண்ணாருன்னு எழுதிருக்காரான்னு மட்டும் தேடுங்க. இருந்தா எடுங்க, இல்லன்னா அடுத்ததுக்குப் போங்க. அவரோட வலி உண்மைதான், ஆனா அதுல உங்களுக்குப் பாடம் இல்ல.

3. கேள்விய எழுதாதீங்க, கேள்வி எதப் பாக்குதுன்னு எழுதுங்க

நோட்டுல ஒவ்வொரு ரவுண்டுக்கும் ரெண்டு பக்கம். இடது பக்கம் கேள்வி, ஒரே வரில. வலது பக்கம் அது எதச் சோதிக்குது.

உதாரணத்துக்கு ரொம்ப நாளா பலர் எழுதற கேள்வி ஒண்ணு. ஒரு ஸ்ட்ரிங் குடுப்பாங்க, எழுத்தும் பக்கத்துல எண்ணும் இருக்கும், பி3சி6டி15 மாதிரி. ஒவ்வொரு எழுத்தையும் அத்தன தடவ பிரின்ட் பண்ணணும். வலது பக்கம் நம்ம பசங்க எழுதறது "ஸ்ட்ரிங், லூப்". அது போதாது. இந்தக் கேள்வியோட உசுரே கடைசில இருக்கற 15ல இருக்கு. ஒரு எழுத்துக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கத்த எடுத்தா டி ஒரு தடவதான் வரும், மீதி 5 தொங்கும். அதனால வலது பக்கம் எழுத வேண்டியது: "எண் ரெண்டு இலக்கமா வந்தா என்ன பண்றேன்".

இப்படி எழுதிட்டீங்கன்னா அதே கேள்வி உருவம் மாறி, எண் முன்னாடி எழுத்து பின்னாடின்னு வந்தாலும் உங்களுக்குப் பழக்கமானதுதான். இருபது அனுபவத்துல இருந்து எப்படியும் அறுவது எழுவது கேள்வி தேறும், வலது பக்கம் எழுதி முடிக்கறப்ப அது பதினஞ்சு விஷயத்துக்குள்ள அடங்கிடும். அந்தப் பதினஞ்சுதான் நீங்க படிக்க வேண்டிய சிலபஸ்.

4. எழுத்துத் தேர்வு: சி அவுட்புட் கேள்விகள பேப்பர்லயே போடுங்க

ஆப்டிட்யூட்ல நேரம் தூரம், வேலை நாள், சதவீதம், வரிசை எண்கள், வழக்கமானதுதான். அதுக்கு எந்தப் புத்தகம் வச்சிருக்கீங்களோ அது போதும்.

சறுக்கறது சி புரோகிராம் குடுத்து "அவுட்புட் என்ன"ன்னு கேக்கற இடத்துல. கம்பைலர்ல ஓட்டிப் பாத்துப் பாத்தே பழகுனவங்களுக்கு மனசுக்குள்ள ஓட்டத் தெரியாது. பேப்பர்ல ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கட்டம் போட்டு, மதிப்பு மாறும்போதெல்லாம் பழச அடிச்சிட்டு புதுசு எழுதிப் பழகுங்க. பத்து நாள் பண்ணா வேகம் வந்துடும்.

திரும்பத் திரும்ப வர்ற இடங்க: ஸ்டாட்டிக் வேரியபிள் ஒரே தடவதான் ஆரம்ப மதிப்பு வாங்கும், ஃபங்ஷன மறுபடி கூப்பிட்டா பழைய மதிப்புலருந்து தொடரும். ஸ்விட்ச்ல பிரேக் இல்லன்னா கீழ இருக்கற கேஸும் ஓடும். பிரின்ட்எஃப் எத்தன எழுத்து அச்சடிச்சுதோ அந்த எண்ணத் திருப்பிக் குடுக்கும், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சுக் கேப்பாங்க. அர்ரேவ ஃபங்ஷனுக்கு அனுப்புனா உள்ள சைஸ்ஆஃப் போட்டப்ப முழு அர்ரேவோட அளவு வராது, பாயின்டரோட அளவுதான் வரும். 5ஐ 2ஆல வகுத்தா முழு எண்ணுல 2தான். எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வச்சிருக்கற எண்ணுல (ஆஸ்கி) பெரிய ஏ 65, சின்ன ஏ 97.

ஒரே வரில ஒரு வேரியபிளுக்கு ரெண்டு மூணு தடவ ++ போட்டுக் கூட்டற கேள்விய நெட்டுல பாத்து மண்டைய ஒடைச்சுக்காதீங்க. சி விதிப்படி அதுக்கு நிச்சயமான பதிலே கிடையாது, கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். "இதுதான் ஆன்ஸர்"னு யாராவது எழுதிருந்தா அவங்க மெஷின்ல வந்தது அது, அவ்வளவுதான்.

5. சின்ன புரோகிராம் ரவுண்டு: இன்பில்ட் ஃபங்ஷன் இல்லாம எழுதிப் பழகுங்க

பெரும்பாலும் நாலஞ்சு கேள்வி, போகப் போகக் கஷ்டமாகும். பேட்டர்ன், மேட்ரிக்ஸ சுருளா சுத்தறது, ஸ்ட்ரிங், அர்ரே. லாங்வேஜோட கூடவே வர்ற லைப்ரரில இருக்கற சார்ட், ரிவர்ஸ் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னு நெறைய பேர் எழுதறாங்க. அதனால வீட்டுல பழகுறப்பவே அது இல்லாம எழுதுங்க, அங்க அனுமதிச்சா லாபம்.

ஒரு கேள்விய எடுத்துக்கிட்டு என்ன வரிசைல போகணும்னு சொல்றேன். ஒத்தப்படை இடத்துல இருக்கற எண்ணுங்க இறங்கு வரிசைல, ரெட்டப்படை இடத்துல இருக்கறது ஏறு வரிசைல வரணும். 13, 2, 4, 15, 12, 10, 5 குடுத்தா 13, 2, 12, 10, 5, 15, 4 வரணும்.

முதல்ல கைல போடுங்க. ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழாவது இடம்: 13, 4, 12, 5. இறங்கு வரிசைல 13, 12, 5, 4. ரெட்டப்படை: 2, 15, 10, ஏறு வரிசைல 2, 10, 15. மாத்தி மாத்தி வச்சா விடை. இது ரெண்டு நிமிஷ வேலை. இத விட்டுட்டு நேரா கோடுக்குப் போனா எங்க தப்பு வரும் தெரியுமா, கேள்வில "முதல் இடம்"னா ஒண்ணுலருந்து, அர்ரேல சைபர்லருந்து. ரெண்டும் குழம்பி எல்லாம் தலைகீழா வரும், டைம் ஓடிட்டிருக்கும், எங்க தப்புன்னே தெரியாது.

கைல போட்டதுக்கு அப்புறம் கோடு. கோடு ஓடுனதுக்கு அப்புறம் மூணு சோதனை: ஒரே ஒரு எண் குடுங்க, எல்லாம் ஒரே எண்ணா குடுங்க, மைனஸ் எண் குடுங்க. குடுத்த உதாரணத்துக்கு வந்துடுச்சுன்னு கைய தூக்கிடறாங்க, சோதிக்கறவங்க வந்து வேற இன்புட் போட்டதும் உடையுது. நீங்களே முன்னாடி உடைச்சுப் பாத்துட்டா அந்த அதிர்ச்சி இருக்காது.

ஒரு கேள்வில இருபது நிமிஷத்துக்கு மேல சிக்கிட்டா அடுத்ததுக்குப் போங்க. பாதி பாதியா அஞ்சு வச்சிருக்கறத விட முழுசா ஓடற மூணு மேல்.

6. அப்ளிகேஷன் ரவுண்டு: இங்கதான் ரொம்பப் பேரு நிக்கறாங்க

இந்த ரவுண்டுக்குதான் ஆறு வாரத்துல மூணு வாரம் ஒதுக்கணும். ரெண்டு மூணு மணி நேரத்துல, கன்சோல்ல, அதாவது வெறும் எழுத்து மட்டும் வர்ற ஸ்கிரீன்ல, ஓடற ஒரு சின்ன அப்ளிகேஷன முழுசா எழுதணும். கால் டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் ரெண்டும் பல வருஷமா பலர் எழுதற கேள்விங்க. இதையேதான் கேப்பாங்கன்னு இல்ல, ஆனா பயிற்சிக்கு இத விட நல்லது கிடைக்காது.

டாக்ஸி கேள்விய எடுத்துப்போம். ஏ, பி, சி, டி, இ, எஃப்னு ஆறு ஸ்டாப், நேர்கோட்டுல. பக்கத்துப் பக்கத்து ஸ்டாப்புக்கு நடுவுல 15 கிலோமீட்டர், போக 60 நிமிஷம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 ரூபா. ஆரம்பத்துல எல்லா டாக்ஸியும் ஏல நிக்குது. கஸ்டமர் கூப்பிட்ட ஸ்டாப்புல சும்மா இருக்கற டாக்ஸி போகணும், அங்க இல்லன்னா பக்கத்துல சும்மா இருக்கறது. ரெண்டு டாக்ஸி சமமா இருந்தா கம்மியா சம்பாதிச்சது போகணும். எதுவுமே இல்லன்னா புக்கிங் கிடையாது.

முதல் இருபது நிமிஷம் கீபோர்டத் தொடாதீங்க. பேப்பர்ல கைக்கணக்கு போடுங்க. ஏலருந்து பி போனா 15 கிலோமீட்டர், முதல் அஞ்சுக்கு 100, மீதி பத்துக்கு 100, மொத்தம் 200. நம்ம பசங்கள்ல பாதிப்பேரு 15ஐயும் பத்தால பெருக்கி 100ஐ கூட்டி 250ன்னு போடுவாங்க. பிலருந்து டி போனா 30 கிலோமீட்டர், 100 கூட்டல் 25 பெருக்கல் 10, அதாவது 350. இந்த ரெண்டு எண்ணையும் பேப்பர்ல வட்டம் போட்டு வைங்க, கடைசில உங்க புரோகிராம் இதையே சொல்லுதான்னு பாக்கறதுக்கு.

அப்புறம் மூணு புக்கிங்க கைல ஓட்டுங்க. நாலு டாக்ஸி இருக்குன்னு வைங்க. ஒம்பது மணிக்கு ஏலருந்து பி: எல்லாம் ஏலதான் நிக்குது, எல்லாருக்கும் வருமானம் சைபர், முதல் டாக்ஸி போகுது, பத்து மணிக்கு பி சேருது. அடுத்தது அதே ஒம்பது மணிக்கு பிலருந்து டி: முதல் டாக்ஸி இன்னும் வழில இருக்கு, அதனால ரெண்டாவது டாக்ஸி ஏலருந்து கிளம்பணும். மூணாவது பன்னெண்டு மணிக்கு பிலருந்து சி: முதல் டாக்ஸி பில சும்மா நிக்குது, அதுதான் போகணும்.

இந்த மூணையும் கைல ஓட்டுறப்பவே ரெண்டு விஷயம் தெரிஞ்சிடும். ஒண்ணு, டாக்ஸிக்கு "இப்ப எங்க"ன்னு மட்டும் வச்சாப் போதாது, "எத்தன மணிக்கு ஃப்ரீ ஆகும்"னும் வேணும். இத வைக்காம புக் பண்ண உடனே டாக்ஸிய பிக்கு நகத்திடறாங்க, ரெண்டாவது புக்கிங்குக்கு அதே டாக்ஸி போயிடுது. ரெண்டு, ரெண்டாவது டாக்ஸி ஏலருந்து பிக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகுமே, அப்ப கஸ்டமர ஒம்பதுக்கு ஏத்துமா பத்துக்கா? கேள்வில தெளிவா இல்ல.

தெளிவா இல்லாதத அங்கயே கேளுங்க. நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு எழுதாதீங்க. "சார், வேற ஸ்டாப்புலருந்து டாக்ஸி வர்ற நேரத்தக் கணக்குல சேக்கணுமா"ன்னு எழுந்து போய் கேட்டா யாரும் தப்பா நெனைக்கறதில்ல, வேலைல சேந்ததுக்கு அப்புறமும் இதத்தான் தினமும் செய்யணும். நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது ரொம்பக் கஷ்டமா இருக்கு, வகுப்புல கேள்வி கேட்டாலே திட்டு வாங்கி வளந்தவங்க. வீட்டுல பிராக்டிஸ் பண்றப்ப யாரையாவது எதுர்ல ஒக்கார வச்சு ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு சந்தேகமாவது வாய்விட்டுக் கேட்டுப் பழகுங்க.

எழுதற வரிச. முதல்ல என்னென்ன பொருள் இருக்கு: டாக்ஸி, புக்கிங். ஒவ்வொண்ணுக்கும் என்ன விவரம் வேணும். அடுத்து ஒரு மெனு, புக் பண்ண ஒண்ணு, விவரம் காட்ட ரெண்டு, வெளியேற மூணு. அடுத்து புக்கிங் மட்டும், அதுவும் எளிய விதில, "முதல்ல சும்மா இருக்கற டாக்ஸி". ஓட்டுங்க. ஓடுனதும் "பக்கத்துல இருக்கறது" சேருங்க, ஓட்டுங்க. அப்புறம் "கம்மி வருமானம்", ஓட்டுங்க. கடைசில விவரம் காட்டறது.

ஒவ்வொரு படிலயும் ஓட்டணும்னு ஏன் சொல்றேன்னா, எந்த நிமிஷத்துல வந்து பாத்தாலும் உங்ககிட்ட ஓடற ஏதோ ஒண்ணு இருக்கணும். எல்லா விதியையும் ஒரே மூச்சுல எழுதி ரெண்டு மணி நேரம் கழிச்சு முதல் தடவ ஓட்டுறவங்களுக்கு நாப்பது எர்ரர் வரும், மீதி நேரம் அதுலயே போயிடும். நானே ஒரு இன்டர்வியூவுல அப்படித்தான் வெளிய வந்தேன், எழுதுன லாஜிக் எல்லாம் சரி, வீட்டுக்கு வந்து ரெண்டு வரி மாத்துனதும் ஓடுச்சு, ஆனா அங்க ஸ்கிரீன்ல காட்ட ஒண்ணுமே இல்ல.

அடுத்து ரயில் கேள்வி, கேன்சலுக்காகவே பண்ணுங்க. 63 கன்ஃபர்ம் பெர்த், 18 ஆர்ஏசி, 10 வெயிட்டிங் லிஸ்ட். ஆர்ஏசிக்கு 9 சைடு லோயர் பெர்த், ஒண்ணுல ரெண்டு பேர். 63ம் 9ம் சேத்தா 72, நம்ம ஸ்லீப்பர் கோச் கணக்கு. அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைக்கு பெர்த் கிடையாது ஆனா விவரம் எழுதி வைக்கணும், 60 வயசுக்கு மேல இருந்தா லோயர் இருந்தா குடுக்கணும், குழந்தையோட வர்ற அம்மாவுக்கும் அப்படியே.

புக்கிங் எல்லாரும் எழுதிடுவாங்க. கன்ஃபர்ம் டிக்கெட் ஒண்ணு கேன்சல் ஆச்சுன்னா ஆர்ஏசில முதல்ல நிக்கறவர் மேல வரணும், அவர் எடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்டுல முதல் ஆள் வரணும், காலியான பெர்த் நம்பர் திரும்பக் கிடைக்கணும். வெறும் எண்ணிக்கைய மட்டும் கூட்டிக் கழிச்சு புக்கிங் எழுதுனவங்களுக்கு இங்க வழியே இருக்காது, யாரு முதல்ல நின்னாங்கன்னு எங்கயும் எழுதி வைக்கல. அதனால புக்கிங் எழுதறதுக்கு முன்னாடியே "கேன்சல்ல என்ன நடக்கும்"னு பேப்பர்ல ஓட்டுங்க, ஆர்ஏசிக்கும் வெயிட்டிங்குக்கும் வந்த வரிசைய அப்படியே வச்சிருக்கற கியூ வேணும்னு அப்பவே தெரிஞ்சிடும்.

ரெண்டையும் எழுதி முடிச்சதும் வேற யாரையாவது கூப்பிட்டு ஒரு விதிய மாத்தச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல டாக்ஸிக்கு ஒன்றரை மடங்கு காசு, இல்ல ஒரே டிக்கெட்டுல நாலு பேரு. நடுவுல வந்து இப்படி ஒரு விதி சேத்தாங்கன்னு பல அனுபவத்துல பாக்கலாம். கட்டணக் கணக்க தனி ஃபங்ஷனா வச்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. மெனுக்குள்ளயே எல்லாத்தையும் கொட்டி வச்சிருந்தா அங்க அழுகை வந்துடும்.

7. டெக்னிக்கல் ஹெச்.ஆர்: உங்க ரெஸ்யூமே தான் கேள்வித்தாள்

இதுல மத்தவங்க அனுபவம் பாதிதான் உதவும். மீதி பாதி நீங்க ரெஸ்யூம்ல என்ன எழுதிருக்கீங்களோ அதுலருந்துதான் வரும். அதனால ரெஸ்யூமப் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு வார்த்தையையும் விரல் வச்சு "இதுல மூணு கேள்வி கேட்டா நான் சொல்லுவேனா"ன்னு கேளுங்க. சொல்ல முடியாதத இன்னைக்கே அடிச்சிடுங்க. குரூப் புராஜெக்ட்ல நண்பன் எழுதுன மாடியூல உங்களதுன்னு போடாதீங்க.

முந்தின ரவுண்டுல எழுதுன கோட வச்சே இங்க ஆரம்பிக்கறதும் உண்டு, "இங்க ஏன் அர்ரே, ஏன் லிங்க்ட் லிஸ்ட் இல்ல"ன்னு. அதனால அந்த ரவுண்டு முடிஞ்சு காத்திருக்கற நேரத்துல உங்க கோட மனசுல ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, என்ன விட்டோம்னும் சேத்து. "இத முடிக்க நேரம் பத்தல சார், இருந்தா இப்படிப் பண்ணிருப்பேன்"னு நீங்களே சொல்றது நல்லது.

தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு, தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க. தமிழ்ல சொல்லலாமான்னு கேக்கத் தயங்காதீங்க. நம்ம ஊர்ல இன்டர்வியூ எடுக்கறவங்க பல பேரு நாம தமிழ்ல சொல்லலாமான்னு கேட்டா தமிழ்லயே பதில் வாங்கிக்கறாங்க, இங்கிலீஷ்ல வாக்கியம் தேடித் தேடி தெரிஞ்ச விஷயத்தையும் கோட்ட விட்டவங்கள நெறைய பாத்தாச்சு.

8. ஜெனரல் ஹெச்.ஆர்

குடும்பம், ஊர், ஏன் இங்க, சம்பளம், வேற ஊருக்குப் போவீங்களா, நடுவுல ஏன் ஒரு வருஷம் இடைவெளி. நேரா உண்மையச் சொல்லுங்க. அரியர் இருந்தா எத்தன, எப்ப முடிச்சீங்கன்னு சொல்லுங்க, மறைச்சா சர்டிஃபிகேட் பாக்கறப்ப தெரிஞ்சிடும்.

சேர்ந்தா சர்வீஸ் அக்ரிமென்ட் இருக்கா, எத்தன மாசம், நடுவுல விட்டா என்னன்னு இங்கதான் கேட்டுக்கணும். கேட்டா வேலை போயிடுமோன்னு பயந்து கேக்காம விட்டுட்டு, கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் அப்பாகிட்ட சொல்லத் தெரியாம நின்ன பசங்கள எனக்குத் தெரியும்.

9. அந்த ஒரு நாள்

ஜோஹோ சென்னை ஆபீஸ் ஜிஎஸ்டி ரோட்டுல வல்லாஞ்சேரில எஸ்டான்சியா வளாகத்துல இருக்கு. தாம்பரம் செங்கல்பட்டு லோக்கல் டிரெயின்ல வந்தா கூடுவாஞ்சேரி, பொத்தேரி ரெண்டும் கிட்ட. தெற்கு மாவட்டத்துலருந்து பஸ்ல வர்றவங்க இப்ப கிளாம்பாக்கத்துல இறங்குவாங்க, அங்கருந்து வந்த வழிலயே கொஞ்ச தூரம் திரும்பி வரணும், அந்த நேரத்தச் சேத்துக் கணக்கு பண்ணுங்க. ஆனா இன்டர்வியூ எங்கன்னு மெயில்ல என்ன போட்டிருக்கோ அதையே நம்புங்க, வேற ஊர்லயும் காலேஜுலயும் நடக்கறதுண்டு.

ரெஸ்யூம் மூணு காப்பி, ஆதார் மாதிரி ஒரு ஐடி, மார்க் ஷீட் ஜெராக்ஸ், ரெண்டு பேனா, சார்ஜர், தண்ணி, பிஸ்கட். சாப்பிட்டுட்டுப் போங்க. காலைல எட்டு மணிக்குப் போயி ராத்திரி வரைக்கும் நடந்துச்சுன்னு எழுதுறவங்க நெறைய, வெறும் வயித்துல மூணாவது ரவுண்டு எழுத முடியாது. ராத்திரி லேட்டானா எப்படித் திரும்பறதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க, முக்கியமா பொண்ணுங்க வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல வீட்டுலருந்து வர்ற ஃபோன்தான் கவனத்த கலைக்கும்.

ரவுண்டுக்கு நடுவுல கூட்டமா ஒக்காந்து "நீ எத்தன போட்ட"ன்னு பேசற எடத்துல இருக்காதீங்க. அங்க எல்லாரும் நீங்க போட்டத விட ஒண்ணு அதிகமாதான் சொல்லுவாங்க.

10. அன்னைக்கு ராத்திரியே எழுதி வைங்க

செலக்ட் ஆனாலும் ஆகலன்னாலும் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒக்காந்து நோட்டுல எழுதுங்க, மறுநாள் பாதி மறந்துடும். தேதி, வேலை, ரவுண்டு, எவ்வளவு நேரம், நீங்க என்ன பண்ணீங்க, எங்க நின்னீங்க, உங்ககிட்ட என்ன கேட்டாங்க அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க. இன்டர்வியூ எடுத்தவங்க பேரு வேணாம். கேள்வித்தாள வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருந்தா கேள்விய அப்படியே யாருக்கும் குடுக்காதீங்க, எந்த மாதிரி விஷயம்னு மட்டும் சொல்லுங்க.

பதில் வரலன்னா அவங்க சொன்ன நாள் தாண்டி ஒரு வாரம் பொறுத்துட்டு, அழைப்பு வந்த அதே மெயிலுக்கு மூணே வரில கேளுங்க: பேரு, எந்தத் தேதில எந்த வேலைக்கு வந்தீங்க, முடிவு எப்பத் தெரியும். தினமும் அனுப்பாதீங்க. நடுவுல வேற எடத்துல கூப்பிட்டா போங்க, ஒரே ஒரு பதிலுக்காக ரெண்டு மாசம் சும்மா ஒக்காந்திருக்க வேணாம்.

ஆகலன்னு வந்துட்டா மறுபடி எப்ப அப்ளை பண்ணலாம்னு அதே மெயில்ல கேட்டுக்கோங்க. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, சூடு ஆறுனதுக்கு அப்புறம், அன்னைக்கு ராத்திரி எழுதுனத எடுத்து நிறுத்துன எடத்துலருந்து கோட முடிங்க. பாதில விட்ட அந்த அப்ளிகேஷன முழுசா ஓட வைங்க, அடுத்த இன்டர்வியூவுக்கு உங்க நோட்டுல முதல் பக்கம் அதுதான்.